ஏழு பல்பு கல்யாணம்

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே கருவிழியின் கோணலை லேசரில் சீவிச் சரிசெய்துவிடுவது அந்த ஊர் வழக்கம். பகலில் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. இருட்டினால் மட்டும் ஒவ்வொரு விளக்கும் நாலு பக்கமும் கதிர் விரித்துத் தெருவை அடைக்கும். அதனால் சீரியல் செட் போடும் மாசிலாமணி கல்யாண வாசலுக்கு ஏழே ஏழு பல்புதான் கட்டுவார். அதுவே ஆயிரம் பல்பாகத் தெரிய, ஊர் வாய் பிளக்கும்.

தங்கப்பழத்தின் மகளுக்கு மலையூரில் மாப்பிள்ளை அமைந்தது. அவர்கள் கண்ணில் லேசர் படாதவர்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த கார் வாசலில் நின்றது, ஒருவரும் இறங்கவில்லை.

"என்னவே இது, இழவு வீடா? ஒரே இருட்டா கெடக்கு. வண்டியத் திருப்புல!" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

தங்கப்பழம் மாசிலாமணியிடம் ஓடினார். "மாசிலாமணி, மக வாழ்க்கைவே. என்னமாவது செய்யும்!"

மாசிலாமணி வேனில் கிடந்த பழைய பல்பு மாலைகளையெல்லாம் அள்ளி மாட்டி, சுவிட்சைத் தட்டினார்.

"இப்பத்தான் கல்யாண வீடு" என்று மலையூர்க்காரர்கள் இறங்கினார்கள். பெண் வீட்டாருக்கோ தெருவே வெள்ளை நெருப்பாகிவிட்டது. தங்கப்பழம் தட்டுத் தடுமாறிப் போய், கைக்கு அகப்பட்ட முதல் கழுத்தில் மாலையைப் போட்டு, விரலில் மோதிரத்தையும் மாட்டினார்.

"அண்ணாச்சி, நான் டிரைவரு."

"பாத்தீரா மாசிலாமணி, எங்க மாப்ளைக்கு என்ன ஒரு தன்னடக்கம்!" என்று அவனை அணைத்தபடியே மணமேடைக்கு நடந்தார் தங்கப்பழம்.

விளக்கை அணைக்க மாசிலாமணி பாய்ந்தார். சுவர் முழுக்கத் தடவினார். அவருக்கும் ஒண்ணாம் வகுப்பிலேயே லேசர் செய்திருந்தார்கள், சுவிட்ச் அகப்படவில்லை.