கற்குவியல் கொண்டைக்காரி

துப்பாக்கியில் தோட்டாவைத் திணித்தபடியே பெனிக்னோ சொன்னான். "பைத்தியம் முத்திப்போச்சு அண்ணி. சொன்ன பேச்சைக் கேக்காத நாய்க்குச் சோறு ஒரு கேடா?"

ஓரோசியா எட்ட நின்ற நாயைப் பார்த்தாள். கணவன் பிளாஸ் போன குளிர்காலத்தில் செத்ததிலிருந்து, மந்தை நாய் கனேலோ ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு, அவன் மேய்த்த இந்த மேட்டுத் தரிசுக்கு ஓடிவந்துவிடுகிறது. நேற்று ஆடுகள் மொத்தமும் ஊரான் பார்லி வயலில் இறங்கிவிட்டன.

"இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாருங்களேன் தம்பி."

"கூப்பிட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். அண்ணன் மாதிரி சீட்டியடிச்சே நாயை ஏவ எனக்கு வருமா, உங்களுக்கு வருமா?"

அண்ணன் போன பிறகு அவன் இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. கற்குவியலைப் பார்த்தபடி நாய் காதைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைக் குறிபார்க்க விடாமல் சரகோசா நகரத்திலிருந்து பறவை பார்க்க வந்த இரண்டு பேர் முக்காலியில் தொலைநோக்கியை நட்டு வைத்திருந்தார்கள். தொப்பிக்காரன் ஒருவன், கண்ணாடிக்காரி ஒருத்தி.

குவியலின் உச்சியில் கொண்டை வைத்த வானம்பாடி ஒன்று, மண்ணாங்கட்டி நிறத்தில்.

"வயல் கொண்டைக்காரிதான். அலகு நீளத்தைப் பாரு" என்றாள் அவள்.

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரு. நெஞ்சுல கோடு எவ்வளவு அழுத்தமா இருக்கு! இது மலைக் கொண்டைக்காரி."

பெனிக்னோ காறித் துப்பினான். "வறுத்தா ஒரு வாய்க்குக் காணாது. அதுக்கு ரெண்டு பேரு, மூணு காலு வச்ச ஒரு குழாய்! நகருங்க, நாயைச் சுடணும்."

கண்ணாடிக்காரி வெளிறிப்போனாள். தொப்பிக்காரன் திரும்பக்கூட இல்லை. "கொஞ்சம் இருங்க சார், அது பாடட்டும். பாட்டை வச்சுத்தான் எந்த இனம்னு முடிவு பண்ணணும்."

"குருவி பாடி முடிக்கிற வரைக்கும் நாய்க்கு ஆயுசாக்கும்!" பெனிக்னோ அவர்களைச் சுற்றிப்போய்த் துப்பாக்கியைத் தோளில் வைத்தான். ஓரோசியா கண்ணை மூடிக்கொண்டாள்.

பறவை பாடியது. கிறீச்சென்று கொஞ்சம், கொஞ்சலாகக் கொஞ்சம். பிறகு திடீரென்று நீளமாக மேலேறும் ஒரு சீட்டி.

கனேலோ இடப்பக்கம் பாய்ந்து அரைவட்டமாக ஓடியது. மறுபடியும் சீட்டி, இந்த முறை குட்டையாக, இரண்டு தடவை. ஓடிய வேகத்தில் நாய் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

"சே, கெடுத்திடுச்சு!" தொப்பிக்காரன் சலித்துக்கொண்டான். "அந்தச் சீட்டி ரெண்டு இனத்துப் பாட்டுலயும் கிடையாது. எவன்கிட்டயோ கேட்டதைப் பிடிச்சு வச்சுக்கிட்டு பாடுது."

ஓரோசியா கண்ணைத் திறந்தாள். துப்பாக்கிமுனை மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி..." பெனிக்னோ தோட்டாவை வெளியே உருவினான். "அது அண்ணன் பேச்சைத்தான் கேக்குது."