படியடியில் இரண்டு ஜோடி செருப்பு

சிங்காநல்லூர்ப் பட்டறை முற்றத்தில் அந்தப் பழைய கேரவன் வெயிலில் மினுங்குகிறது. ஒரு காலத்தில் சினிமா நடிகர்கள் ஓய்வெடுத்த வண்டி. பல்லடத்துக் கோழிப்பண்ணையை மகன் பொறுப்பில் விட்டு வந்திருக்கும் அப்புசாமி அதை விடாமல் சுற்றி வருகிறார். கோழிகளை விட்டுவிட்டு ஓரிரவுகூட வெளியூரில் தங்காத மனிதர். "சும்மா பாத்துட்டு வந்தர்லாம், வாங்கறதெல்லாம் வேண்டாங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த அவர் மனைவி முத்தாத்தாள், படியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை உள்ளே எடுத்து வைக்கிறாள். அதைப் பார்த்து அவரும் கழற்றுகிறார். உள்ளே தேன் நிற மரப்பலகைகள், தோல் வெடித்த சோபா, சுற்றிலும் பல்பு பதித்த கண்ணாடி. வண்டியை விற்கும் யாகூப் ஸ்விட்சைப் போட, பல்புகள் எரிகின்றன. ஒன்று மட்டும் அணைந்து அணைந்து எரிகிறது. அந்த வெளிச்சத்தில் தன் மூக்குத்தியைப் பார்த்து முத்தாத்தாள் சிரித்துவிடுகிறாள். அப்புசாமி ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடுகிறார். "ஒரு ரவுண்டு போலாங்களாண்ணா?" என்று யாகூப் ஸ்டியரிங்கில் உட்காருகிறார். அலமாரிக் கதவுகள் தடதடக்க வண்டி ரோட்டில் ஏறுகிறது. பின்சன்னலுக்கு ஓடிய அப்புசாமி பதறுகிறார். காலியான முற்றத்தின் நடுவில் இரண்டு ஜோடி செருப்பு தனியாகக் கிடக்கிறது. "ஏனுங்க யாகூப், நிறுத்துங்க, செருப்பு!" முத்தாத்தாள் சோபாவில் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொள்கிறாள். "கெடந்தா கெடக்குதுங்க. ஊட்டுக்குள்ள என்னத்துக்குங்க செருப்பு? தம்பி, நீங்க அப்புடியே மேட்டுப்பாளையம் ரோட்டுல உடுங்க."