மூன்று, மூன்று, இரண்டு

குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"என் கம்ப்யூட்டரை யார் தொட்டது?"

கை அப்படியே நின்றுவிட்டது.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்களோடுதான் இருக்கிறார். இசைக்குழுவில் ஒவ்வொரு வாத்தியத்துக்குமான சுரக் குறிப்புத் தாள்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது அவர் வேலை. அந்த மேஜைப் பக்கம் யார் போனாலும் முறைப்பார். வாயில்லாத எனக்கு அவர் வைத்த பேர் ஊமைக்கோட்டான்.

தொட்டது நான்தான்.

என் வீட்டுக்காரர் அதே குழுவில் கிளாரினெட் வாசிக்கிறார். புதுப் பாட்டில் ஒரே ஒரு வரியில் நாலு ஒத்திகையாக இடறிக்கொண்டிருந்தார். மற்ற மூன்று கிளாரினெட்டும் அங்கேதான் இடறும், ஆனால் முதல் நாற்காலி இவருடையது; சனிக்கிழமையும் இடறினால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் என்று குழுவை நடத்தும் மாஸ்டர் சொல்லிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், குளிக்கும்போது அதே வரியை வாயால் பிசகாமல் பாடுவார். மூன்று, மூன்று, இரண்டு என்று அழகாக விழும். தாளைப் பார்த்தால்தான் தடுக்கும்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். சுரத்தின் பேர் தெரியாது, எண்ணத் தெரியும். தாளில் அந்த வரியின் எட்டுச் சுரங்களை நாலு நாலாகத் தலைக்கு மேல் கோடு போட்டுக் கட்டியிருந்தது. கம்ப்யூட்டர் தானாகக் கட்டுகிற கட்டு அது; கண் நாலில் நிற்க, பாட்டோ மூன்றில் நின்றது. குழந்தைக்குப் பால் கொடுத்தபடி அண்ணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததில், கோட்டை எப்படி வெட்டுவது, எப்படிச் சேர்ப்பது என்று எனக்கும் பிடிபட்டிருந்தது. அண்ணி கடைக்குப் போன நேரம் பார்த்து, என் வீட்டுக்காரர் தாளில் மட்டும் நாலு நாலை வெட்டி, மூன்று, மூன்று, இரண்டாகக் கட்டிவிட்டேன்.

அண்ணி கேட்டதும் துணிக் குவியலோடு அவர் அறை வாசலில் போய் நின்றேன். என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தவர், சனிக்கிழமைக்கான தாளை அப்படியே அச்சடித்தார்.

சனிக்கிழமை அண்ணி ஒத்திகை அறைக்குள் தாள் கொடுக்க, நான் கதவோரம் குழந்தையோடு நின்றேன். தாள்களைப் பார்த்துக்கொண்டே வந்த மாஸ்டர் என் வீட்டுக்காரர் முன்னால் நின்றார். தான் கொடுத்த மூலத்தில் இப்படியா இருக்கிறது, யார் இதைக் கண்டதுண்டமாக நறுக்கியது என்று கேட்டார்.

நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"நான்தான் சார்," என்றார் அண்ணி.

அப்படியானால் திங்கட்கிழமையிலிருந்து இந்த வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார் மாஸ்டர். அண்ணி சரியென்று தலையாட்டினார்.

வாசித்தார்கள். அந்த வரி வந்தது. பக்கத்து மூன்று கிளாரினெட்டும் தட்டுத் தடுமாறி நின்றே போயின. என் வீட்டுக்காரர் மட்டும் மடை திறந்த மாதிரி போய்க்கொண்டே இருந்தார்.

மாஸ்டர் கையைத் தூக்கினார். அவரைத் தனியாக வாசிக்கச் சொன்னார். பிசகில்லை. அந்தத் தாளை எடுத்துப் பக்கத்து ஆள் முன்னால் வைத்தார். அவரும் இடறவில்லை. இத்தனை நாள் நம்மைக் கண்ணைக் கட்டி ஓடவிட்டிருக்கிறார்கள் என்று அவர் சொல்ல, அறையே சிரித்தது.

மாஸ்டர் மேஜையில் விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். மூன்று, மூன்று, இரண்டு. முகம் மாறியது. எல்லார் தாளையும் இப்படியே மாற்றிவிடுங்கள், நீங்கள் கெட்டிக்காரி என்று அண்ணியிடம் வந்தார்.

"கெட்டிக்காரி நான் இல்ல சார். அதோ, கதவுக்குப் பின்னாடி ஒளியப் பாக்குறா பாருங்க, என் தம்பி பொண்டாட்டி, அவ."

"அப்புறம் ஏம்மா நான்தான்னு சொன்னீங்க?"

"திட்டு வாங்கி எனக்குப் பழக்கம் சார். அவளுக்கு இல்ல."

இருபத்திரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் கிளாரினெட்டை மடியில் வைத்துவிட்டுக் கைதட்டினார். பிறகு எல்லாரும். எதற்கென்று தெரியாமல் என் இடுப்பிலிருந்ததும் தட்டியது.

வீட்டுக்கு வருகிற வழியில், வேலை போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அண்ணியிடம் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"காலைல சீக்கிரம் எந்திரி. மிச்சத் தாளெல்லாம் நீதான் மாத்தப் போற."

அந்த மேஜைக்கு முன்னால் இப்போது இரண்டு நாற்காலி. அதில் எது என்னுடையது என்றால், இதோ அண்ணி கூப்பிடுகிறார், டிரம்பெட் தாள் திறந்து கிடக்கிறதாம், நான் போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.