கை படாத பிடி

“அந்த ஆளை அப்படியே அமுக்கிப் போடணும் மாஸ்டர். ஆனா உடம்புல ஒரு கீறல் கூட விழக் கூடாது.”

சண்டைப் பயிற்சிக் கூடத்தில் பாய்களை விரித்துக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்றது ஒரு ஒல்லிக்குச்சி உடம்பு, மூக்கு நுனியில் ஒரு கண்ணாடி. ஊதினால் பறந்துவிடும் போலிருக்கிறது, இதற்கு ஆளை அமுக்க ஆசையாம்!

“யாரை?”

“பேரைச் சொல்லக் கூடாது மாஸ்டர், தொழில் தர்மம். ஆள் மலை மாதிரி இருப்பார். போன வாரம் கிட்டப் போனேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டேன். என் உதவிக்கு இருந்த பொண்ணு அன்னைக்கே வேலையை விட்டுட்டுப் போயிடுச்சு. இன்னொரு தடவை அவர்கிட்டத் தோத்தா, நான் தொழிலையே மூட்டை கட்டிட வேண்டியதுதான்.”

மாஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வலது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்ததால் பாதியிலேயே அடக்கிக்கொண்டார். மாணவன் விட்ட உதை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

“அப்படி ஒரு ஆள்னா போலீசுக்குப் போக வேண்டியதுதானே?”

“ஐயையோ! என்னை இங்கே அனுப்பினதே அவர் மனைவிதான் மாஸ்டர். இனிமே என்னால தாங்க முடியாது, சீக்கிரம் முடிச்சுடுங்கன்னு ஒரே அழுகை.”

அட கிரகசாரமே, அடுத்தவன் பெண்டாட்டி விவகாரமா! மாஸ்டருக்குக் காது சூடாகிவிட்டது. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தார்.

அதற்குள் கண்ணாடிக்காரர் கேட்டார். “கராத்தே, குத்துச்சண்டை, ஜூடோ, மல்யுத்தம்... இதுல எது மாஸ்டர் உசத்தி?”

போச்சு, போ! இந்தக் கேள்வி காதில் விழுந்துவிட்டால் மாஸ்டருக்குச் சோறு தண்ணி வேண்டாம், வீடு வாசல் வேண்டாம். யார் பெண்டாட்டி, யார் புருஷன் என்பதெல்லாம் பறந்தே போயிற்று.

“கராத்தேன்னா இப்படி!” ஹூ என்ற சத்தத்தோடு அவர் கால் கண்ணாடிக்காரரின் காதோரம் போய் நின்றது.

“முகத்துல அடி படவே கூடாது மாஸ்டர்.”

“அப்ப குத்துச்சண்டையும் அவுட்டு. ஜூடோ! அவன் பலத்தை வச்சே அவனைத் தூக்கிப் போடறது!” ஆள் இல்லாத குறைக்குத் தன்னையே தூக்கிப் போட்டுக்கொண்டு, பாயில் உருண்டு எழுந்தார்.

“தூக்கற வேலையெல்லாம் என் முதுகு தாங்காது மாஸ்டர்.”

“சரி, மல்யுத்தம்! ரெண்டு கையாலயும் உடும்புப் பிடி!”

“அதுலதான் சிக்கலே. பிடிச்ச பிறகு என் ரெண்டு கையும் சும்மா இருக்கணும்.”

மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்திருக்கிறார், கை இல்லாமல் பிடி கேட்ட கிறுக்கனை இப்போதுதான் பார்க்கிறார்.

“கையை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?”

“கைக்கு வேற வேலை இருக்கு மாஸ்டர்.”

மாஸ்டர் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். தலையைச் சொறிந்தார். காற்றில் யாரையோ மடக்கிப் பார்த்தார், “ம்ஹூம்” என்றார். திடீரென்று துள்ளிக் குதித்தார்.

“தரைச்சண்டை! கால்! காலாலயே பிடிக்கலாம்! அவனை மல்லாக்கப் படுக்க வச்சு, அவன் தலைமாட்டுல உட்காருங்க. ஒவ்வொரு தொடையும் ஒரு தோள் மேல. முழங்கால் ரெண்டும் காதை ஒட்டி. அசைய மாட்டான்! எங்கே, என் மேல போட்டுக் காட்டுங்க!”

சந்தோஷம் தாங்காமல் தானே பொத்தென்று மல்லாந்து படுத்துக்கொண்டார். முதலில் மாஸ்டர் ஓர் எம்பு எம்பியதில் கண்ணாடிக்காரர் பந்து மாதிரி உருண்டு மூலைக்குப் போனார். “எடையைக் கீழே இறக்குங்க!” என்று மாஸ்டரே திருத்தினார். கண்ணாடிக்காரர் விடாக்கண்டர், மறுபடியும் வந்து உட்கார்ந்தார்.

இந்தத் தடவை பிடி விழுந்தது. மாஸ்டர் இடுப்பை எம்பினார், காலை உதைத்தார், முக்கினார், முனகினார். ஒன்றும் நடக்கவில்லை.

“அடேங்கப்பா! அசைய முடியலையே! சபாஷ்! எந்தக் கொம்பனாலயும் இதுல இருந்து தப்ப முடியாது. அந்த ஆள் ஒழிஞ்சான்!” கன்ன வலியையும் மறந்து கெக்கெக்கே என்று சிரித்தார். “சரி, போதும். விடுங்க.”

விடவில்லை.

மாஸ்டர் உள்ளங்கையால் பாயில் தட்டினார். தட்டினால் விட்டுவிட வேண்டும், எந்த ஊர்க் கூடத்துக்கும் அதுதான் சட்டம். அப்போதும் விடவில்லை. கண்ணாடிக்காரர் சாவகாசமாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு நீல முகமூடியை எடுத்துக் காதுகளில் மாட்டிக்கொண்டார்.

முகமூடிக்கு மேலே தெரிந்த, போன வாரம் பார்த்த அதே கண்களைக் கண்டதும் மாஸ்டரின் சிரிப்பு பட்டென்று நின்றது. உதடுகள் இரண்டும் பூட்டு மாதிரி மூடிக்கொண்டன.

கதவு லேசாகத் திறந்தது. கையில் டார்ச் விளக்கோடு எட்டிப் பார்த்தது, மாஸ்டரின் சொந்த மனைவியேதான்.

“பிடிச்சாச்சா டாக்டர்?”

“ஆச்சும்மா. வெளிச்சத்தை இந்தப் பக்கம் காட்டுங்க.” சும்மா இருந்த கையால் டாக்டர் மாஸ்டரின் மூக்கை மெல்லப் பிடித்தார்.

“எங்கே மாஸ்டர், ஆ காட்டுங்க. அந்தச் சொத்தைப் பல்லைப் பார்ப்போம்.”