சேர்த்து எழுதிய சொல்

ஆறாவது வாரம் அவன் நடுங்கவில்லை.

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. டாக்டர் தலையசைத்ததும் மடித்த தாளைப் பிரித்து, மளிகைப் பட்டியல் வாசிப்பவனைப் போல வாசிக்கத் தொடங்கினான்.

"படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் இருந்தாள்."

பக்கத்து நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

முதல் வாரம் மூன்றாவது வரியைத் தாண்டவில்லை. இரண்டாவது வாரம் குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தான். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களும், குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். சத்தமே வராமல் பாத்திரம் கழுவ அவள் பழகியிருந்தாள்.

ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பழைய மாத்திரைதான். இப்போது இந்த மாதிரி நினைவுகளுக்கும் கொடுத்துப் பார்க்கிறார்கள். நடந்ததை ஒரு தாளில் எழுத வேண்டும். வாரம் ஒரு முறை, மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும்.

"பாம்பு அங்கேயேதாம்மா இருக்கும். பல்லை மட்டும் பிடுங்கிடுவோம்" என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அவளுக்கு மாத்திரை இல்லை. ஆறு வாரமும் வெறுமனே கேட்டாள்.

அந்த வரி நெருங்கியது. அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"தண்ணீர் இழுத்தது." அடுத்த சொல்லில் அவன் நிறுத்தினான்.

டாக்டர் முன்னால் சாய்ந்தார்.

அவன் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தான். அச்சகத்தில் பிழைதிருத்துபவன், போன திங்கட்கிழமைதான் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தான்.

"இது பிரிச்சு வரணும். கை, விட்டேன். சேத்துப் போட்டா அர்த்தமே மாறிடும்."

'கைவிட்டேன்' என்ற சொல்லின் நடுவே ஒரு சின்னக் கோடு கிழித்தான்.

"இத்தனை வாரம் கண்ணுல படல பாருங்க. அச்சகத்துல தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

இரண்டு வருடத்தில் அவன் அடித்த முதல் ஜோக். டாக்டர் சிரித்துக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார்.

"உங்க எழுத்துலயே பிழையா சார்?"

"என் எழுத்து இல்ல. எழுதின அன்னிக்கு என் கையில பேனாவே நிக்கல. நான் சொல்லச் சொல்ல இவதான் எழுதினா." மனைவியைப் பார்த்துப் புன்னகைத்தான். அந்தப் புன்னகைக்காகத்தான் அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். "பாவம், இவளுக்கும் கை நடுங்கியிருக்கும்."

அவள் தலையாட்டினாள்.

பதினாறு வருடமாகப் பிழைதிருத்துபவனின் மனைவி. அவன் வீட்டுக்குக் கொண்டுவரும் தாள்களில் பாதியை அவள்தான் பார்த்துக் கொடுப்பாள். எதைச் சேர்த்து எழுத வேண்டும், எதைப் பிரித்து எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு அவள் கை நடுங்கவே இல்லை.