நாலாவது லேன்

“வந்துட்டாங்க பாரு, பேர் போடாம லெட்டர் போட்ட மகராசி!”

டிக்கெட் அக்கா அதை மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கூரை போட்ட நீச்சல் குளத்தில் மெதுவாகச் சொன்னதுகூட நாலு சுவரில் மோதிவிட்டுத்தான் ஓயும்.

உள்ளே நுழைந்த டீச்சர் நனைந்த குடையைச் சுருக்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஏற்கெனவே அதில் இருந்த இரண்டு பேர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள்.

ஊரின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. நாடு முழுக்கத் தேடினாலும் நீச்சல் சங்கத்தின் பட்டியலில் இருக்கும் ஐம்பது மீட்டர் போட்டிக் குளம் நாலே நாலுதான். மூன்று தலைநகரில். நாலாவது இங்கே, போன வருஷம் திறந்தது. அதுவரை இந்த ஊர்ப் பிள்ளைகள் பாதி நீளக் குளத்தில் பழகிவிட்டு, ஒவ்வொரு தேர்வுக்கும் பதினாலு மணி நேரம் ரயிலில் போவார்கள். கால் வீங்கி இறங்கி, முழு நீளத்தைப் பார்த்து மிரண்டு, தோற்றுத் திரும்புவார்கள்.

போன மாதம் தேசிய அணிக்கான தேர்வே இந்த ஊரில் நடந்தது. நூறு மீட்டரில் ஒரே இடம். டிக்கெட் அக்காவின் மகள் நாலாவது லேனில் முதலாவதாக வந்தாள். குளத்தில் எல்லாரும் அவளைத் தவளை என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்தாவது லேனில் டீச்சரின் மகள் இரண்டாவது. வித்தியாசம், விநாடியில் நூறில் இரண்டு பங்கு.

அடுத்த வாரமே நீச்சல் சங்கத்தின் தலைமைக்கு ஒரு கடிதம் போய்விட்டது. நாலாவது லேனின் நீளம் குறைவாம். இன்று அளவு பார்க்க அதிகாரி வந்திருக்கிறார்.

“ஏன் டீச்சர், பொண்ணு தோத்துட்டா குளத்தையே குத்தம் சொல்லலாமா?” என்று டிக்கெட் அக்கா கேட்டாள்.

“நான் எழுதலைங்க.”

“பின்ன, குளமே எழுதிப் போட்டுச்சா?”

பெஞ்சுகளில் சிரிப்பு.

குளத்தின் செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அதிகாரியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். “நேர்மைன்னா என்னன்னு எங்க குளத்தைப் பார்த்துத்தான் சார் மத்தவங்க தெரிஞ்சுக்கணும்.”

அதிகாரி எஃகு டேப்பைப் பிரித்தார். “தண்ணிக்குள்ள இறங்கி இந்த நுனியைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்.”

யாரும் கேட்பதற்குள் தவளை குதித்துவிட்டாள்.

“கெட்டியாப் பிடிடி! உன் இடம்டி அது!” என்று கத்தினாள் அக்கா.

முதல் மூன்று லேனும் சரியாக இருந்தன. நாலாவதில் அதிகாரி குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

“பாப்பா, சுவரோட ஒட்டிப் பிடிச்சிருக்கியா?”

“ஒட்டித்தான் சார் இருக்கு.”

செயலாளர் அவளுக்கு மேலே கரையில் வந்து குந்தினார். “கொஞ்சம் தொய்வா விடும்மா,” என்றார், உதடு அசையாமல்.

தவளை டேப்பை இன்னும் விறைப்பாக இழுத்து, நுனியை டைல்ஸ் மேல் அழுத்தினாள். கட்டைவிரல் வெளுத்துப் போனது.

“நாற்பத்தொன்பது மீட்டர், தொண்ணூத்தெட்டு சென்டிமீட்டர்,” என்றார் அதிகாரி.

“ரெண்டே சென்டிமீட்டர்தானே சார்!” என்றார் செயலாளர்.

“போக ரெண்டு, வர ரெண்டு. நாலு சென்டிமீட்டரை நீந்த எவ்வளவு நேரமாகும்னு நினைக்கறீங்க? நூறில் ரெண்டு பங்கு விநாடி.”

பெஞ்சுகளில் இருந்தவர்கள் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

செயலாளரின் குரல் இறங்கியது. “தேர்வுக்கு முந்தின வாரம் அந்தச் சுவர்ல டைல்ஸ் விரிசல் விட்டிருந்தது சார். பேர்த்து எடுக்க நாள் பத்தலை. பழசு மேலயே புதுசை ஒட்டிட்டோம்.”

“பேர்த்துடுங்க, மறுபடி வந்து அளக்கறேன். குளம் பட்டியல்லயே இருக்கும். ஆனா நாலாவது லேன்ல எடுத்த நேரம் செல்லாது. அணியில இடம் அடுத்து வந்த பொண்ணுக்கு.”

ஒன்பது வருஷமாக விடிவதற்கு முன்னால் மகளை எழுப்பித் தண்ணீரில் இறக்கியவள் அக்கா. விடுவிடுவென்று அதிகாரியிடம் போனாள்.

“அந்த லெட்டரைக் காட்டுங்க சார். டீச்சர் எழுத்து எனக்கு நல்லாத் தெரியும். ரெண்டு வருஷம் ரிப்போர்ட் கார்டுல பார்த்திருக்கேன்.”

அதிகாரி கொஞ்சம் தயங்கிவிட்டு, கோப்பிலிருந்து எடுத்து நீட்டினார். கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள். நாலு வரி.

‘நாலாவது லேன் சுவரில் கை வைத்து அப்படியே ஐந்தாவது லேனுக்கு நகர்த்திப் பாருங்கள். ஒரு விரல் அகலம் உள்ளே இறங்கும். இதில் எடுத்த நேரத்தை வைத்து யாரையும் அணிக்கு அனுப்பாதீர்கள்.’

அக்கா படித்தாள். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.

“என்னம்மா, டீச்சர் எழுத்துதானே?” என்று செயலாளர் அவசரப்படுத்தினார். “நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க. மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்.”

கடைசி பெஞ்சில் டீச்சர் எழுந்து நின்றார். தண்ணீரில் இருந்த தவளை மூச்சை இழுத்துப் பிடித்து உள்ளே முழுகிவிட்டாள். ஊர் முழுக்க அக்காவின் தலை அசைவதற்காகக் காத்திருந்தது.

அக்கா அந்தத் தாளை ஈரம் படாமல் தூக்கிப் பிடித்தாள். இந்த முறை மெதுவாகப் பேசவில்லை.

“இல்லைங்க. இது எங்க வீட்டு எழுத்து.”