ஆடிப்போன படம்

பர்மாப் போரில் மகனைப் பறிகொடுத்த மார்த்தாள் அத்தையின் சுவரிலிருந்து, அந்த மகன் ஓட்டிய விமானத்தின் படத்தையே கழற்றிக்கொண்டு போய்விட்டார் ஜேம்ஸ் அண்ணன். அதோடு விட்டாரா? அதே ஆணியில், தான் எடுத்த, உருவம் கலங்கி ஆடிப்போன படம் ஒன்றை மாட்டியும் வைத்திருந்தார்.

கல்லூரி விடுமுறைக்கு ஜமுனாமரத்தூர் வந்த அன்றே பார்த்துவிட்டேன். அத்தை தண்ணீருக்குப் போயிருந்தார். நேரே சந்தைக்கு நடந்தேன்.

ஜேம்ஸ் அண்ணனுக்குப் போளூரில் ஸ்டுடியோ. சந்தை நாளில் மலையேறி வந்து, புளியமரத்தடியில் படுதா கட்டிப் படமெடுப்பார்.

"ஜேம்ஸண்ணா, அடுத்தவங்க வூட்டுச் சுவர்ல கை வைக்கிறது இன்னா நியாயம்?"

"வந்துட்டாங்க வக்கீலம்மா!" என்று சிரித்தார். "எப்ப வந்த?"

"பேச்ச மாத்தாதீங்க. சகாயம் அண்ணன் படம் எங்க?"

சிரிப்பு போய்விட்டது. "பெட்டியில கீது" என்றார்.

அந்தப் படத்தில் எனக்கும் பங்கு உண்டு.

போருக்கு முந்தின தை மாதம். சென்னையில் விமானச் சங்கம் ஒன்றில் மெக்கானிக்காகச் சேர்ந்து, ஓட்டவும் கற்றுக்கொண்டிருந்தார் சகாயம் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு மேலே வட்டமடிக்கப்போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

பறக்கிறதைப் படமெடுத்து யாருக்குப் பழக்கம்? ஜேம்ஸ் அண்ணனும் பள்ளிக்கூடப் பெண்ணான நானும் மலைப்பாதையில் இறங்கும் மாட்டுவண்டிகளை எடுத்துப் பார்த்தோம். ஒரு செகண்டில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் கேமரா கண்ணைத் திறந்தால், சக்கரத்தின் ஆரக்கால்களை எண்ணிவிடலாம். ஆனால் வண்டி நின்றுபோனதுபோல் இருக்கும். ஐம்பதில் ஒரு பங்கு திறந்து, வண்டியோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே போனால் ஆரக்கால் கரைந்து சக்கரம் உருளும். கை கொஞ்சம் பிசகினாலும் எல்லாம் ஆடிவிடும்.

"ஐந்நூறு வைங்க" என்றேன்.

"ஐம்பதுலதான் உசுரு கீது" என்றார்.

விமானம் வரும்வரை சண்டை. கடைசியில், முதல் வட்டம் என் கணக்குக்கு, இரண்டாவது வட்டம் அவர் கணக்குக்கு என்று முடிவாயிற்று.

வந்தது. என்ஜின் சத்தத்தைக் குறைத்து, மரத்து உச்சியை உரசுகிற மாதிரி இறங்கி, கையை அசைத்துவிட்டுப் போனார் சகாயம் அண்ணன். மார்த்தாள் அத்தை முந்தானையை ஆட்டிக்கொண்டே, "டேய், மெதுவாப் போடா!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினார். ஊரே சிரித்தது.

ஐந்நூறு வைத்த என் படத்தில் சகாயம் அண்ணனின் விரல்கள்கூடத் தெரிந்தன; விமானத்தின் மூக்கில் சுழலும் காத்தாடியும் அப்படியே நின்றிருந்தது.

"இன்னா இது, காத்தாடி நின்னுகினு கீது! எப்டிப் பறக்குது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது, கேமராவின் வேகம்தான் அதை நிறுத்திவிட்டது என்று நான் பாடம் நடத்தினேன். சகாயம் அண்ணனின் முகத்துக்காகவே அத்தை அதைச் சுவரில் மாட்டினார். காத்தாடி வட்டமாகக் கரைந்து, மலையெல்லாம் கோடாக இழுத்துக்கொண்டு போன ஜேம்ஸ் அண்ணனின் படம் பெட்டிக்குள் போயிற்று.

அதுதான் இப்போது சுவரில்!

"தோத்த படத்த மாட்டி ஜெயிச்சிட்டீங்க, இல்ல?"

"அப்டியே வச்சுக்கோ."

"அத்தை கேக்க மாட்டாங்கன்னு தைரியம். புள்ளயப் பறிகொடுத்தவங்களுக்கு ஒரு நல்ல படம்கூட இருக்கக் கூடாதா?"

அவர் குனிந்து படுதாக் கயிற்றை இறுக்கினார். பெட்டியைத் திறந்து, கண்ணாடிச் சட்டத்தோடு என் படத்தை நானே எடுத்துக்கொண்டேன்.

"ரஞ்சிதம், வாணாம். அத்தைகிட்ட மட்டும் அத எடுத்துக்கினு போவாத." அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

குற்றமுள்ள நெஞ்சு, குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

அத்தை புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தார். "வாம்மா ரஞ்சிதம்! இன்னா இப்டி எளைச்சுப் பூட்ட? ஆஸ்டல்ல சோறு போடறாங்களா, இல்ல பேச்சுப் போட்டி மட்டும்தானா?"

"உங்க படத்த மீட்டுக்கினு வந்துட்டேன், அத்தை" என்று அவர் முகத்துக்கு நேரே காட்டினேன்.

அத்தை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அத்தக் கவுத்து வையும்மா."

கவிழ்த்து வைத்தேன். "ஜேம்ஸண்ணன் உங்கள ஏமாத்திட்டு..."

"சண்டையில சகாயத்தோட பட்டாளத்துல வேல பாத்த பையன் ஒருத்தன் வந்துட்டுப் போனான்" என்றார் அத்தை. "எம் புள்ள எப்டிப்பா விழுந்தான்னு கேட்டேன். மொதல்ல மழுப்புனான். அப்பொறம், 'மேலயே காத்தாடி நின்னு பூட்ச்சும்மா'ன்னான்."

புளிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"நீ அன்னிக்கி சொன்னதெல்லாம் தெரியும்மா, அது சுத்தற காத்தாடிதான்னு. ஆனா அந்தப் பக்கம் திரும்புனாலே நின்னுகினு கீது. பாக்க முடியல. கழட்டவும் மனசு வரல. துணி போட்டு மூடி வச்சேன். ஜேம்ஸு வந்தான், துணியப் பாத்தான். ஒண்ணும் கேக்கல. அடுத்த சந்தைக்கு இத்தக் கொணாந்து மாட்டிட்டுப் போனான்."

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனா அத்தை, இதுல அண்ணன் முகமே தெரியலயே?"

"எம் புள்ள மூஞ்சி எனக்குத் தெரியாதாடி?" என்றார் அத்தை, ஆடிப்போன படத்தை நிமிர்ந்து பார்த்து. "இதுல பாரு, சுத்திக்கினே கீது."